மோட்டார் போட்டால் கம்ப்யூட்டர் அணைகிறதா?

“எங்கள் மகளிர் குழுவின் வரவு செலவுக் கணக்கை வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் எழுதுகிறேன். அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் மோட்டார் ஓட ஆரம்பித்தால் கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழுகிறது. பாதி அடித்த கணக்கு போய்விடுகிறது. மூன்று வருடத்தில் இரண்டு எஸ்.எம்.பி.எஸ். மாற்றியாகிவிட்டது. இப்போது போட்டிருப்பது வண்டு மாதிரி இரைகிறது. இரவு 9 மணிக்கு மேல்தான் எனக்கு நேரம் கிடைக்கும். அதே அறையில்தான் மாமியார் படுத்திருக்கிறார். சத்தம் இல்லாமல், நின்று உழைக்கிற எஸ்.எம்.பி.எஸ்-ஐ எப்படிப் பார்த்து வாங்குவது?”

- உடுமலைப்பேட்டை பகுதி வாசகி

முதலில் மோட்டார் விஷயத்தைப் பார்த்துவிடுவோம். பம்புசெட் மோட்டார் கிளம்பும் நொடியில், ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்து, ஆறு மடங்கு கரன்ட் இழுக்கும். ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் நாலைந்து மோட்டார்கள் இருந்தால், உங்கள் வீட்டுக்கு வரும் 230 வோல்ட் அந்த நொடியில் சட்டென்று இறங்கும். எஸ்.எம்.பி.எஸ். அந்தக் கரன்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றி கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் பெட்டி. அதற்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர், மேல்நிலைத் தொட்டி மாதிரி கொஞ்சம் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். நல்ல பெட்டியாக இருந்தால், வரும் கரன்ட் முழுக்க நின்றாலும் ஏறத்தாழ 16 மில்லி செகண்ட் வரை அந்தத் தேக்கத்தை வைத்தே தாக்குப்பிடிக்கும். மலிவுப் பெட்டியில் அந்தத் தொட்டி சின்னது. வோல்டேஜ் இறங்கியதுமே வற்றிவிடும், கம்ப்யூட்டர் அணைந்துவிடும்.

எனவே கடைக்குப் போனதும் அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் 450, 500 என்ற எண்ணை நம்ப வேண்டாம். எஸ்.எம்.பி.எஸ்-ஐ வெளியே எடுத்து, அதன்மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். பூச்சிமருந்து வாங்கும்போது பெயரைவிட மூலப்பொருளின் சதவீதத்தைப் பார்ப்போம் அல்லவா, அதுபோலத்தான்.

லேபிளில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். அதை 12-ஆல் பெருக்குங்கள். 36 ஆம்பியர் என்றால் 432 வாட். பெட்டியில் 450 வாட் என்று போட்டிருந்தால் அது நியாயமான கணக்கு. 14 ஆம்பியர் என்றால் வெறும் 168 வாட். அட்டையில் 450 என்று போட்டிருந்தாலும் அது பேருக்குத்தான். இன்றைய கம்ப்யூட்டர் பெரும்பாலும் 12 வோல்ட்டில்தான் இயங்குகிறது என்பதால் இந்த ஒரு பெருக்கல் போதும். கேபினட்டோடு இலவசம் மாதிரி சேர்த்துக் கொடுக்கும் பெட்டிகளில் பல இதிலேயே தோற்றுவிடும்.

அடுத்து, உள்ளே வரும் கரன்ட் எவ்வளவு என்று போட்டிருப்பதைப் பாருங்கள். கிராமத்து வீட்டுக்கு நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான். சில பெட்டிகளில் 200 முதல் 240 வோல்ட் வரை என்று இருக்கும். சிலவற்றில் 100 முதல் 240 வரை என்று இருக்கும். நல்ல பிராண்டிலேயே இரண்டு வகையும் விற்கிறார்கள். சாயங்காலத்தில் 170 வோல்ட்டுக்கு இறங்கும் ஊரில் முதல் வகை திணறும். இரண்டாம் வகை சத்தமில்லாமல் ஓடும். ‘ஆக்டிவ் பி.எஃப்.சி.’ என்று போட்டிருக்கும் பெட்டிகளில்தான் இந்த அகலமான எல்லை கிடைக்கும். பின்பக்கம் 115, 230 என்று மாற்றும் சிவப்பு சுவிட்ச் இருந்தால் அது பழைய வகை. குழந்தைகள் விளையாட்டாக 115-க்குத் தள்ளிவிட்டு கரன்ட் கொடுத்தால், ஒரே வெடி. அதை வாங்க வேண்டாம்.

லேபிளில் பி.ஐ.எஸ். முத்திரையோடு, ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். உத்தரவாதம் 3 வருடத்துக்குக் குறையக் கூடாது.

‘80 பிளஸ்’ முத்திரையைப் பற்றிக் கடைக்காரர் நிறையச் சொல்வார். வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தரம் பிரித்திருப்பார்கள். அது மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதற்கான அளவு மட்டுமே. சத்தத்துக்கோ, ஆயுளுக்கோ அது சான்றிதழ் கிடையாது. உங்கள் கம்ப்யூட்டர் 60 வாட் எடுக்கிறது, தினமும் 5 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 85 சதவீதத் திறன் உள்ள பெட்டிக்கும் 90 சதவீதப் பெட்டிக்கும் இரண்டு மாத பில்லில் வித்தியாசம் ஒன்றேகால் யூனிட்கூட வராது. கரன்ட் மிச்சமாகும் என்று தங்கத்துக்குப் போக வேண்டியதில்லை. வெண்கல முத்திரை உள்ள நியாயமான 450 வாட் பெட்டி உங்கள் கணக்கு வேலைக்குத் தாராளம்.

இரைச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் உள்ளே இருக்கும் விசிறிதான். 80 மில்லி மீட்டர் விசிறி வேகமாகச் சுற்றினால்தான் போதுமான காற்றைத் தள்ளும். 120 மில்லி மீட்டர் விசிறி அதே காற்றை மெதுவாகச் சுற்றியே தள்ளிவிடும். அதனால் பெரிய விசிறி உள்ளதையே கேளுங்கள். சுமை குறைவாக இருக்கும்போது விசிறி தானாகவே நின்றுவிடும் வகையும் உண்டு. விலை கூடுதல். ஆனால், புழுக்கமும் தூசியும் உள்ள நம் வீடுகளுக்கு மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும் விசிறிதான் மேல் என்பது என் கருத்து.

தூசியைச் சொன்னதும் ஞாபகம் வருகிறது. கடலை உடைக்கும் நாளில் வீட்டுக்குள் எவ்வளவு தூசி வரும் என்று உங்களுக்குத் தெரியும். கேபினட்டைத் தரையில் வைக்காமல் ஓர் அடி உயர ஸ்டூல்மேல் வையுங்கள். பின்பக்கத் தகடுகள் விடுபட்டிருந்தால் மூடுங்கள். பல்லி உள்ளே போய் ஷார்ட் ஆவது அடிக்கடி நடக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, விசிறி சுற்றாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு புளோயரால் ஊதுங்கள். எஸ்.எம்.பி.எஸ்-ஐ மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் அந்தக் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம்.

எவ்வளவு நல்ல பெட்டி போட்டாலும், கரன்ட் முழுசாகப் போனால் அடித்த கணக்கு போய்விடும். 600 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்று கட்டாயம் வேண்டும். சேமித்து மூடுவதற்கான பத்து நிமிடம் கிடைக்கும். ஆனால் ஒரு சிக்கல். மலிவு யு.பி.எஸ்-களிலிருந்து பேட்டரியில் வரும் கரன்ட் சீரான அலையாக இருக்காது. சில ஆக்டிவ் பி.எஃப்.சி. பெட்டிகள் அதை ஏற்காமல் அணைந்துவிடும். எனவே இரண்டையும் கடையிலேயே சேர்த்து மாட்டி, கம்ப்யூட்டர் ஓடும்போது யு.பி.எஸ்-ஸின் பிளக்கைப் பிடுங்கச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

“கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்கிறது. புது எஸ்.எம்.பி.எஸ். மாட்டிய பிறகுதான் இப்படி. பெட்டி கோளாறா? மகன் வெறுங்காலோடு உட்கார்ந்து படிக்கிறான், பயமாக இருக்கிறது.”

- திருவாரூர் பகுதி வாசகர்

பெட்டியை உடனே குறை சொல்ல முடியாது. நல்ல எஸ்.எம்.பி.எஸ்-ஸில் கரன்ட்டை வடிகட்டும் பாகங்கள் கேபினட்டின் உலோகத்தோடு இணைந்திருக்கும். அதில் கசியும் மிகச்சிறு கரன்ட் எர்த் வழியாகப் போக வேண்டும். எர்த் இல்லாவிட்டால் உலோகத்திலேயே நின்று சுர்ரென்கும். மலிவுப் பெட்டிகளில் பலவற்றில் இந்தப் பாகங்களையே விட்டுவிடுவதால் முன்பு தெரியாமல் இருந்திருக்கும்.

அந்தக் கசிவு மட்டும் உயிரை எடுக்காது. ஆனால், எர்த் இல்லாத வீட்டில் நாளை உள்ளே ஏதாவது வயர் உரசினால், அதே கேபினட்டில் முழு 230 வோல்ட் நிற்கும். பயப்பட வேண்டியது அதற்குத்தான். மூன்றாவது பின் வெட்டப்பட்டிருக்கிறதா, இரண்டு பின் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். எலெக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த் குழியைச் சோதியுங்கள். கோடையில் குழி காய்ந்துபோனால் எர்த் வேலை செய்யாது, தண்ணீர் ஊற்ற வேண்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் போடச் சொல்லுங்கள்.

சிலர் செலவை மிச்சம் பிடிக்க, பிளக் பாயின்ட்டுக்குள்ளேயே எர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். வெளியே நியூட்ரல் வயர் அறுந்தால் வீட்டில் உள்ள எல்லா உலோகப் பெட்டிகளிலும் கரன்ட் ஏறிவிடும். அப்படி இருந்தால் அன்றைக்கே கழற்றச் சொல்லுங்கள். எர்த் சரியாகும்வரை மகனை அந்தக் கம்ப்யூட்டர் பக்கம் விட வேண்டாம்.