வலுவிழந்த பக்கம்

மலாயாவின் ரப்பர் காலம் மலாக்காவில்தான் வேர்பிடித்தது. 1896இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் நட்ட கன்றுகளுக்குப் பின்னால் வளர்ந்த தோட்டங்களை நம்பி நம் முன்னோர் கடல் கடந்து வந்தார்கள். செர்காம், மெர்லிமாவ், ஜாசின் வட்டாரத்தில் விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்று குளிர்ந்த வேளையிலேயே மரம் வெட்டினார்கள். கைகால்தான் அவர்களுக்கு ஆஸ்தி. ஒரு பக்கம் வலுவிழந்தால் வாதம் என்று சொல்லி, எண்ணெய் தேய்த்துப் படுக்க வைத்தார்கள். அன்பினால் செய்ததுதான். ஆனாலும் கிடந்த கால் மேலும் மெலிந்தது.

பெரிய மருத்துவமும் அப்படித்தான் இருந்தது. நரம்புகளின் மேலுறையை உடலின் எதிர்ப்பாற்றலே அரிக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயை 1868இல் பாரிசில் மருத்துவர் ஷார்கோ தெளிவாக விவரித்தார். உழைப்புக்குப் பின் இந்நோயாளிகளின் பார்வை மங்குவதை 1890இல் கண் மருத்துவர் ஊத்தோப் கண்டார். உடல் சூடேறுவதால் வரும் தற்காலிக மங்கல் அது. சூடு தணிந்தால் நீங்கிவிடும். இருந்தும் உழைப்பு நோயைக் கூட்டிவிடும் என்ற அச்சம் நோயாளிகளைப் பல தலைமுறைகள் ஓய்விலேயே வைத்தது. 1996இல் அமெரிக்காவின் யூட்டாவில் நடந்த உடற்பயிற்சி ஆய்வும், 2009இல் டென்மார்க்கில் 12 வாரம் நடந்த எடைப்பயிற்சி ஆய்வும் வந்த பிறகே அது தளர்ந்தது. இத்தனைக்கும் ஒரு கையைப் பழக்கினால் மறு கையும் வலுப்பெறும் என்று யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்கிரிப்சர் 1894லேயே காட்டியிருந்தார். அறிவு வருவதும், உறங்குவதும், மறுபடி கண்டெடுக்கப்படுவதும் வரலாற்றில் புதிதல்ல. இடக்கைக்கும் வலக்கைக்கும் சரிசமமாகக் கம்பு கொடுத்த நம் சிலம்ப ஆசான்களை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் கால் தளரும்போது பாதம் முழுதாக மேலெழாது. அந்தப் பக்கத்துச் செருப்பின் முனை மட்டும் தேய்ந்திருக்கும். பயிற்சி நரம்பின் வடுவை ஆற்றாது. பயன்படாமல் சோர்ந்த தசையைத்தான் அது மீட்கிறது. நாற்காலியில் அமர்ந்து, பாதத்தில் ரப்பர் பட்டையை மாட்டி, அதன் இழுப்புக்கு எதிராக விரல்களை மேலே தூக்க வேண்டும்; எட்டுப் பத்து முறை, வாரம் இரண்டு நாள், இடையே ஓய்வு. பலவீனமான பக்கத்தை முதலில் செய்வது நல்லது. களைப்பு வருமுன் அதன் பங்கு முடிந்துவிடும். அந்தக் கால் அசையவே மறுத்தால் நல்ல காலையாவது பழக்கலாம். அந்த வலு மறுபக்கத்துக்கும் ஓரளவு சேர்வதை இத்தாலியின் சஸ்ஸாரியில் நடந்த சிறிய ஆய்வு காட்டியது. பயிற்சிக்கு ஏற்ற நேரம் காலைக் குளிர்ச்சி. பாட்டன்மார் மரம் வெட்டப் போன அதே நேரம்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டத்து லயங்கள் காலியாயின, பிள்ளைகள் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். 2014இல் ஆயர் குரோவில் சொக்சோ என்றும் சொல்லப்படும் சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோவின் துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. செர்காமிலிருந்து அது தொலைவில்லை. உங்கள் வீட்டில் ஒருவர் காலை இழுத்து நடந்தால் முதலில் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். பிறகு பிசியோதெரபி கேளுங்கள். சொக்சோ சந்தா கட்டியவராக இருந்தால் அந்த மையத்துக்கு வழியுண்டா என்றும் விசாரியுங்கள். படுக்கையை மட்டும் முதலில் விரிக்காதீர்கள்.