எல்லா லாக்கருக்கும் ‘டெஸ்ட்’னு பேர் வெச்சா எப்படி?

கிளாஸ்ல மூணு கார்த்திக் இருந்தா என்ன பண்றோம்? எஸ்.கார்த்திக், எம்.கார்த்திக், ஹாஸ்டல் கார்த்திக்னு ஆளுக்கொரு அடையாளம் வெச்சுக்கறோம். புராஜெக்ட் எழுத உட்கார்ந்தா மட்டும் இந்த அறிவு எங்க போயிடுது?

போன செமஸ்டர்ல எங்க லேப் சர்வர்ல ஒரே டாம்கேட், அதுல ஏழு டீமோட புராஜெக்ட். லாக்4ஜே பழைய 1.எக்ஸ் ஜார் ஒண்ணே ஒண்ணு, பொது லைப்ரரி ஃபோல்டர்ல. லாக் ஃபைலும் எல்லாருக்கும் ஒண்ணுதான். டுடோரியலைப் பார்த்து அப்படியே காப்பி அடிச்சதுல, மூணு டீம் லாக்கருக்கு ‘டெஸ்ட்’னு பேர் வெச்சிருந்தோம். ரிவ்யூவுக்கு முந்தின நாள், ‘லாக் ரொம்ப நிறையுது’ன்னு ஒரு டீம் அவங்க கோடுலயே அந்த லாக்கரை ஆஃப் பண்ணிட்டாங்க. அன்னிக்கு ராத்திரி எங்க டேட்டாபேஸ் கனெக்‌ஷன் புட்டுக்கிச்சு. லாக்ல ஒரு வரிகூட இல்ல. எர்ரரே வரலன்னு நம்பி, விடிய விடிய வேற எங்கயோ தேடிட்டிருந்தோம்.

அந்த டீமைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல. ஒரே பேரை எத்தனை பேர் கேட்டாலும், லாக்4ஜே ஒரே லாக்கரைத்தான் எடுத்துக் கொடுக்கும். ஜார் பொதுவா இருந்தா, கேட்டது எந்த டீம்னு அதுக்குத் தெரியாது. தப்பு பேர்ல இருக்கு.

‘கிளாஸ் பேரையே வெச்சுட்டா போச்சு’ன்னு சொல்வீங்க. நல்ல பழக்கம்தான். ஆனா ஆளாளுக்கு பேக்கேஜ் ‘காம்.எக்ஸாம்பிள்’, உள்ள ஒரு ‘லாகின்சர்வ்லெட்’னு இருந்தா, முழுப் பேரும் மறுபடி மோதும். அதனால பேக்கேஜ்லயே டீம் பேர் வரணும்.

இதுல இன்னொரு லாபமும் இருக்கு. லாக்கர் பேர்ல வர்ற புள்ளி நம்ம இனிஷியல் மாதிரி; யார் வீட்டுப் பிள்ளைன்னு சொல்லும். தனக்குன்னு லெவல் வைக்காத லாக்கர், மேல இருக்கிற லாக்கரோட லெவலை எடுத்துக்கும். ‘லைப்ரரி’க்கு டீபக் வெச்சா ‘லைப்ரரி.கடன்’, ‘லைப்ரரி.அபராதம்’ ரெண்டுக்கும் அதுவே போய்ச் சேரும். பக்கத்து டீமோட ‘ஹாஸ்டல்.மெஸ்’ பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. ரூட் லாக்கர்ல கை வெச்சா மட்டும், லெவல் வைக்காத எல்லார் வீட்டு விளக்கும் சேர்ந்து அணையும். அதைக் கோடுல தொடவே கூடாது.

‘ஆளுக்கொரு ஜார் போட்டுக்கலாமே, டாக்கர்ல தனித்தனியா ஓட்டலாமே’ன்னு சீனியர்கள் கேட்பாங்க. செய்யலாம். அப்போ ஒருத்தர் லாக்கரை இன்னொருத்தர் அணைக்க முடியாது. ஆனா எல்லா லாக்கையும் ஒரே இடத்துல கொட்டிப் படிக்கும்போது, ‘டெஸ்ட்’ங்கிற பேரை மட்டும் வெச்சு அந்த வரி யாரோடதுன்னு சொல்ல முடியாது. படிக்கிறது மனுஷன்தானே?

அடுத்த செமஸ்டர் லேப் சர்வர்ல இடம் கேட்கிற டீம் எல்லாம், முதல்ல பேக்கேஜ் பேரை எழுதிக் கொடுக்கணும். ஒரே பேர் ரெண்டு தடவை வந்தா இடம் கிடையாதுன்னு டிபார்ட்மென்ட்ல ஒரு விதி போடட்டும். அஞ்சு நிமிஷ வேலை. எங்களுக்கு ஒரு ராத்திரி போச்சு, உங்களுக்காவது மிஞ்சட்டும்.