ஊசி மருந்தில் துகள்: சோதிக்கக் கேட்கும் உரிமை யாருக்கு?

ஏற்றுவதற்குத் தொங்கவிட்ட குளுக்கோஸ் பாட்டிலில் ஏதோ மிதக்கிறது. நோயாளியின் அம்மா கேட்கிறார். "வேற பாட்டில் போடுறேம்மா" என்பார் செவிலியர். பழையது குப்பைக்குப் போகும், ஆதாரமும் அதோடு போகும்.

மிதந்தது என்னவென்று கண்டுபிடிக்க வழியிருக்கிறது. திரவத்தை வடிகட்டி, தங்கிய துகளை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ரப்பரா, பிளாஸ்டிக்கா, பஞ்சு நாரா என்பதை அகச்சிவப்புக் கதிர் ஆய்வு சொல்லும். கண்ணாடியையும் உலோகத்தையும் எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டிக்கொடுக்கும். ரப்பர் என்றால் மூடியைச் சந்தேகிக்கலாம். கண்ணாடி என்றால் குப்பியை, எஃகு என்றால் ஆலை எந்திரத்தை. துகள் எதுவென்று தெரிந்தால்தான் பொறுப்பு யாருடையது என்று கேட்க முடியும்.

2021 ஆகஸ்டில் ஜப்பானில் மாடர்னா தடுப்பூசிக் குப்பிகள் சிலவற்றில் துகள் தென்பட்டது. ஒரே வரிசையில் தயாரான 3 பேட்ச்களை, சுமார் 16 லட்சம் டோஸ்களை, உடனே நிறுத்தினார்கள். அது துருப்பிடிக்காத எஃகு என்றும், ஸ்பெயின் ஆலையில் மூடி பொருத்தும் எந்திரத்தின் பாகங்கள் உரசியதால் வந்தது என்றும் ஒரு வாரத்தில் அறிவித்தார்கள்.

இங்கே? 2024 நவம்பரில் கர்நாடகத்தின் பல்லாரி அரசு மருத்துவமனையில் சிசேரியன் முடிந்த தாய்மார்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். அவர்களுக்கு ஏற்றிய ரிங்கர் லாக்டேட் மீது சந்தேகம் எழுந்தது. அதே நிறுவனத்தின் சில பேட்ச்களை மாநில ஆய்வகம் முன்பே தரமற்றது என்றிருந்தது. மத்திய ஆய்வகம் தரமானது என்றது. இரண்டுக்கும் நடுவில் மாட்டியது அந்தப் பெண்களின் உயிர்.

1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 26ஆம் பிரிவைப் படியுங்கள். கட்டணம் செலுத்தி, மருந்தை அரசு ஆய்வாளரின் சோதனைக்கு யாரும் கொடுக்கலாம். ஆனால் அது அவர் 'வாங்கிய' மருந்தாக இருக்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாக ஏற்றப்பட்டவர் எதை வாங்கினார்? அந்த வரிசையில் நிற்பது பெரும்பாலும் தினக்கூலிக்குப் போகும் நம் சேரி மக்கள். காசு கொடுத்தவருக்குச் சட்டம் கொடுத்த கேள்வி, உடம்பைக் கொடுத்தவருக்கு இல்லை.

அரசு அந்த மருந்தை வாங்கியது நமக்காக, நம் வரிப்பணத்தில். ஆகவே 'செலுத்தப்பட்டவர்' என்ற சொல்லும் அந்தப் பிரிவில் வர வேண்டும். சோதனையும் கட்டணமின்றி நடக்க வேண்டும்.

அதுவரை தோழர்களே, பாட்டிலில் துகளைக் கண்டால் பேட்ச் எண்ணோடு படமெடுங்கள். பாட்டிலை எறியாமல் சீல் வைக்கச் சொல்லி, மருந்து ஆய்வாளருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அறிக்கை வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். செவிலியரோடு சண்டை வேண்டாம். அந்த மருந்தைக் கொள்முதல் செய்தவர் அவர் இல்லை.