முதல் மூன்று நாட்களின் கையிருப்பு



கிளிநொச்சிப் பக்கம் நான் வேலைக்குச் செல்லும் கிராமம் ஒன்றில், ஒரு சகோதரிக்கு இரண்டாவது தடவையும் கரு தங்கவில்லை. ஏழாம் வாரத்தில் அழிந்துவிட்டது. "கிணத்தில தண்ணி அள்ளாத எண்டு சொன்னனான். கேட்டவளே?" என்று மாமியார் அயலுக்குக் கேட்கக் கதைக்கிறார். அவளோ என்னிடம் மெதுவாக, "என்ர உடம்பிலதான் ஏதும் குறையோ, அக்கா?" என்றாள்.

நான் படித்தது சமூகவியல். ஆகவே கேட்டும் வாசித்தும் அறிந்துகொண்டதை எழுதுகிறேன்.

நமது உடற்கலம் ஒன்றினுள் இருக்கும் டி.என்.ஏ. நூலை நீட்டினால் சுமார் 2 மீற்றர் வரும். கண்ணுக்கே தெரியாத கலத்துள் அது எப்படி அடங்குகிறது? தையல் நூலைக் கட்டையில் சுற்றுவது போல, ஹிஸ்ரோன் என்னும் புரதத்தில் சுற்றப்பட்டிருக்கிறது. 1884இல் அல்பிரெக்ற் கொசல் என்ற ஜேர்மானியர் இதை வாத்தின் இரத்தத்தில் கண்டறிந்தார். கலம் இரண்டாகப் பிரியுமுன் நூல் இரட்டிக்கும். கட்டைகளும் இரட்டிக்க வேண்டும்.

கருவுற்ற முட்டைக்கு இந்தக் கட்டைகளைக் கொடுப்பது யார்? தாய்தான். முளையத்தின் சொந்தப் பரம்பரையலகுகள் பெரும்பாலும் மூன்றாம் நாளளவில், நான்கு முதல் எட்டுக் கலங்களான பிறகே வேலை தொடங்குகின்றன. அதுவரை முட்டை முதிரும்போது தாய் சேர்த்துவைத்த ஹிஸ்ரோனும், அதைச் செய்வதற்கான குறிப்புகளுமே கைகொடுக்கின்றன. இடம்பெயர்ந்த முதல் நாட்களில், நிவாரணம் வரும்வரை நாம் கட்டிவந்த பொதியை நம்பி இருந்தோமே, அப்படித்தான். தந்தையின் நூல் புரோற்றமின் என்னும் வேறொரு புரதத்தில் இறுக்கிக் கட்டப்பட்டு வருகிறது. முட்டை அதை அவிழ்த்து, தன் கட்டைகளில் சுற்றிக்கொள்கிறது.

நம் உறவுகள் பலர் வாழும் கனடாவின் மொன்றியலில் எலிகளில் ஓர் ஆய்வு செய்தார்கள். 2008இல் வெளிவந்தது. முட்டையில் ஹிஸ்ரோன் சேர உதவும் ஒரு புரதத்தை இல்லாமற் செய்தபோது, முளையங்கள் பெரும்பாலும் இரண்டு கலங்களோடு நின்றுவிட்டன.

இதைச் சொன்னதும், "பார், தாயின் குறைதான்" என்று சொல்ல ஒரு வாய் திறக்கும். அதனால்தான் விளக்கமாக எழுதுகிறேன். அந்த எலிகள் ஆய்வுக்காகவே அப்படி உருவாக்கப்பட்டவை. மேலும், அவ்விதம் நிற்கும் கரு கருப்பையில் ஒட்டுவதற்கு முன்பே நின்றுவிடும். ஏழு வாரம் வளர்ந்த கரு அந்தக் கட்டத்தை எப்போதோ கடந்து, தன் கட்டைகளைத் தானே செய்துகொண்டிருந்த கரு. முதல் மூன்று மாதங்களில் அழியும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்கு நிறமூர்த்தங்களின் எண்ணிக்கை பிசகுவதே காரணம். அது தற்செயலாக நேர்வது. கிணற்று வாளிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இரண்டு தடவை நடந்துவிட்டதால், கணவனும் மனைவியுமாக மகப்பேற்று நிபுணரிடம் காட்டச் சொன்னேன்.

"அவன் ஏன் போகவேணும்?" என்றார் மாமியார்.

"நூலில பாதி அவற்றதுதானே அம்மா" என்றேன்.

வருகிற புதன்கிழமை கிளினிக்குக்கு இருவரும் போகிறார்கள்.