பில் புத்தகத்தில் இருக்கும் வாடிக்கையாளர்

புதுச்சேரி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் சிறு சோப்புப் பட்டறை நடத்துபவருக்கு இன்று கிடைக்கும் முதல் அறிவுரை, "இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போடுங்கள்" என்பதுதான். போடட்டும், அதையே கடையாக நம்பிவிடக் கூடாது. 2020 ஜூன் 29 அன்று இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, பாடுபட்டுச் சேர்த்த பார்வையாளர் கூட்டம் அந்தச் செயலியோடு நின்றுபோனது. 2021 அக்டோபர் 4 இரவு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஏறத்தாழ 6 மணி நேரம் முடங்கின. அவற்றில் மட்டுமே ஆர்டர் வாங்கியவர்களுக்கு வேறு வழியில்லை.

"வாடிக்கையாளர் அங்கேதானே இருக்கிறார், செலவும் இல்லையே" என்பார்கள். அறிமுகத்துக்கு அதைவிட மலிவான வழி இல்லை என்பது உண்மைதான். ஆனால் முன்பின் தெரியாதவர் பார்ப்பது வேறு, வாங்கியவர் திரும்ப வருவது வேறு. இரண்டாவதற்கு, பில் புத்தகத்தின் அடிக்கட்டையில் பெயர், கைபேசி எண், பொருள், தேதி ஆகியவற்றை அவர் சம்மதத்தோடு எழுதிவைத்தாலே போதும். சோப்பு உறையில் பட்டறையின் எண்ணைப் பெரிதாக அச்சிடலாம். கூகுள் மேப்பில் வாசலின் படமும் திறக்கும் நேரமும் சரியாக இருக்கட்டும். ரீல்ஸ் அதற்குப் பிறகு.