வழுக்கு மண்ணில் ஒரு பாடம்

மோட்டார் பந்தயம் செல்வந்தர் பொழுதுபோக்கு என்றே நானும் எண்ணியிருந்தேன். சோழவரம் விமானத்தளத்தில் அன்று நடந்ததும், 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் நடப்பதும், 2005-இல் பார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியரான கோவை நரேன் கார்த்திகேயனும் நமக்கு எட்டாத உயரந்தான். ஆட்டோகிராஸ் அப்படியன்று. மண் திடல், வளைவு காட்டும் கூம்புகள், ஒவ்வொருவராக ஓட்டம். எதிரி கடிகாரம் மட்டுமே. வீட்டுக் காரே போதும்.

அம்பாசிடரைப் பின்சக்கரங்கள் உந்துகின்றன. ஈர மண்ணில், வளைவில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் பின்பக்கம் வீசும். மாருதி 800-இலோ முன்சக்கரங்களே இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். வேகம் மிகுந்தால், ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேரேதான் போகும். உராய்வு விசையில் நல்ல மதிப்பெண் வாங்கிய எனக்கு, கீழ்பென்னாத்தூரில் மாமாவின் பழைய மாருதியைத் திடலில் ஓட்டிய அன்றுதான் இது விளங்கிற்று. சேற்று வயலில் டிராக்டர் ஓட்டும் என் தந்தையோ, பள்ளிப் படிப்பைத் தாண்டாதவர், "பிரேக்கைத் தொடாதே, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடு" என்றார். அவ்வளவே!

உரிமத் தேர்வில் வழுக்கலைச் சமாளித்துக் காட்டச் சொல்வதில்லை. மழை நாளில், செஞ்சிச் சாலையில், எதிரே பேருந்து வரும்போதா அதைக் கற்பது? விளையாட்டு விழாவோடு ஒரு நாள், தலைக்கவசத்துடன், கல்லூரித் திடலில் இதையும் நடத்தலாமே. முதல் பெயர் என்னுடையது. வண்டிக்கு மட்டும் மாமாவைக் கேட்க வேண்டும்.