சாவி இருக்கு, பூட்டு தெறக்கல

அசுரனைக் கொல்வது விளையாட்டு. சுடுகாட்டுக்குப் பாதை கேட்பது அரசியல். இப்படி ஒரு தீர்ப்பைச் சமீபத்தில் கேட்க நேர்ந்தது. கணினி படிக்கும் நம் பிள்ளைகள் நான்கு பேர் இறுதியாண்டுச் செயல்திட்டமாக ஒரு சாகச வீடியோ கேம் செய்யலாம் என்று கரு எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். "சாகசம்னா காடு, மலை, பாழடைஞ்ச கோயில், ராசா பொதைச்ச புதையல்னு இருக்கணும் தம்பி. சாதியெல்லாம் எதுக்கு? விளையாட்டுல அரசியல் வேண்டாம்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கல்லூரி எது என்பது முக்கியமில்லை. வேறு எங்கே கொண்டுபோயிருந்தாலும் இதே பதில்தான்.

பிள்ளைகள் எழுதிய கரு இது. காலனியில் ஒரு கிழவி செத்துப்போகிறாள். பொழுது சாயுமுன் பிணத்தைச் சுடுகாட்டில் சேர்க்க வேண்டும். நேர்வழி ஊர்த்தெரு, மறிப்பார்கள். அடுத்தது வயல்வரப்பு, பட்டாக்காரன் முள்ளு வெட்டிப் போட்டிருக்கிறான். மிச்சமிருப்பது இடுப்பளவு தண்ணி ஓடுகிற ஓடை. விளையாடுகிறவர் அந்தக் கிழவியின் பேத்தி, எட்டாம் வகுப்புப் பிள்ளை. இதில் கற்பனை எவ்வளவு? 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில் வழி மறிக்கப்பட்டதால், பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து பிணத்தைக் கயிறு கட்டி இறக்கினார்கள். நாடே பார்த்தது. அதைவிடப் பெரிய சாகசத்தை எந்த ராசா செய்து கிழித்தான்?

விளையாட்டில் அரசியல் வேண்டாமாம். பரமபதத்தில் இல்லாத அரசியலா? வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண்முழித்து உருட்டுகிறார்களே, அந்த அட்டையில் ஏணி என்பது புண்ணியம், பாம்பு என்பது பாவம், உச்சியில் வைகுண்டம். விழுகிற எண் தற்செயல். அந்தத் தற்செயலுக்குத்தான் கர்மவினை என்று பேர் வைத்திருக்கிறான். கீழே கிடப்பவன் அவன் செய்த வினையால் கிடக்கிறான் என்பதை ஆறு வயசுப் பிள்ளைக்குப் பாடப்புத்தகம் இல்லாமலே ஏற்றிவிடுகிற சாமர்த்தியம் இது. உருட்டுகிற கட்டைக்குப் பகடை என்று பேர். தென்மாவட்டங்களில் அருந்ததிய மக்களை அழைத்த பேரும் பகடைதான்.

2020இல் புனேயிலிருந்து 'ராஜி' என்று ஒரு கேம் வந்தது. தேவர்கள் தேர்ந்தெடுத்த பெண் அசுரக் கூட்டத்தை அடித்து நொறுக்கித் தம்பியை மீட்கப் போகிறாள். யார் தேவன், யார் அசுரன் என்று புலேயும் பெரியாரும் கேட்ட கேள்வியைக் கேட்காதவர்களுக்கு அது வெறும் புராணம், கண்ணுக்கு அழகான படம். அங்கே எவனும் அரசியல் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அமெரிக்காவில் லிஸி மேகி என்ற பெண், நிலத்தை வளைத்துப் போட்டவன் வாடகையிலேயே கொழுப்பதை அம்பலப்படுத்த ஒரு பலகை விளையாட்டு செய்து 1904இல் காப்புரிமை வாங்கினார். அதன் வழியில் வந்த 'மோனாப்பலி'யை 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனி சந்தைக்குக் கொண்டுவந்தது. மேகிக்குக் கிடைத்தது 500 டாலர். கொள்ளையைக் காட்டச் செய்த விளையாட்டு, கொள்ளையடிக்கக் கற்றுத்தருகிற விளையாட்டாக மாறிப்போனது. நம்மூர்க் கடைகளில் 'பிசினஸ்' என்று விற்கிறதே, அந்த அட்டையும் இந்த வம்சம்தான். விதியை எவன் எழுதுகிறான் என்பதில்தான் விளையாட்டின் அரசியல் இருக்கிறது. கோயில் படம் போட்டாயா, குடிசைப் படம் போட்டாயா என்பதில் இல்லை.

சாகசத்துக்குக் காடும் மலையும் வேண்டும் என்கிற பெரியவர்களுக்கு இன்னொரு செய்தி. இந்த வகைக்கே பேர் கொடுத்த 'அட்வெஞ்சர்' என்ற கேமை 1975-76 வாக்கில் எழுதியவர் வில் க்ரௌதர். படமே கிடையாது, முழுக்க எழுத்து. அதில் வரும் குகை, கென்டக்கி மாநிலத்தின் மாமத் குகையில் ஒரு பகுதி. அந்தக் குகைக்குள் இறங்கித் தவழ்ந்து, அளந்து, வரைபடம் போட்டவர்களில் அவரும் அவர் மனைவியும் உண்டு. 1977இல் டான் உட்ஸ் என்பவர் மாயமந்திரங்களைக் கூட்டினார். அடிப்படை என்னவோ, ஒருத்தன் தன் முழங்கால் தேய அறிந்த இடம். அவன் தவழ்ந்த குகை சாகசம். எங்க பாட்டன் செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்த தெரு சாகசமில்லையா?

கல்லூரிக்காரர்களோடு சண்டை இத்தோடு போகட்டும். நம் தோழர்கள் சிலரே முகம் சுளிக்கிறார்கள். "செத்தவங்கள வச்சி விளையாட்டா? நம்ம ரத்தம் அவனுக்குப் பொழுதுபோக்கா?" இந்தக் கோபத்தை நான் தள்ளிவிட மாட்டேன். நம் வலியைக் காட்சிப் பொருளாக்கிக் காசு பார்த்த சினிமாக்களைப் பார்த்துத்தானே வருகிறோம். கேமை விட்டுவிட்டால் இது தீராது. கருவிலேயே சில முடிவுகள் எடுக்க வேண்டும். நான் பிள்ளைகளிடம் சொன்னவை இவை.

ஒன்று, விளையாடுகிறவர் தன் பாத்திரத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. மற்ற கேம்களில் முதல் திரையே 'நாயகனைத் தேர்ந்தெடு' என்பதுதான். பிறப்பு யாரைக் கேட்டுக்கொண்டு வருகிறது?

இரண்டு, அடி உதை, கொலை, தீ எதையும் படமாக்கக் கூடாது. 1968இல் கீழவெண்மணியில் எரிந்த 44 பேர் யாருடைய கேமிலும் ஒரு கட்டமாகக் கூடாது. டீக்கடையில் சட்டென்று பேச்சு நிற்கிறது, ஒரு கதவு சாத்தப்படுகிறது. இது போதும்.

மூன்று, நல்ல மனசுக்காரச் சாதி இந்து ஒருவர் வந்து வழிவிடுகிற காட்சி வேண்டவே வேண்டாம்.

நான்காவதுதான் முக்கியம். சாகச கேம் என்றால் சாவி தேடு, பூட்டைத் திற. அது எழுதாத சட்டம். நம் கேமில் சாவி முதலிலேயே கையில் இருக்கட்டும்: பாதைக்கு உரிமை உண்டு என்கிற அரசாணைத் தாள். காட்டினால் பூட்டு திறக்காது. மகாத்தில் நடந்தது என்ன? பொதுக்குளங்கள் எல்லோருக்கும் பொது என்று பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் போட்டது. மகாத் நகராட்சி 1924இல் ஏற்றுக்கொண்டது. தாள் இருந்தது, சவதார் குளம் திறக்கவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கரோடு ஆயிரக்கணக்கானோர் நடந்துபோய் அள்ளிக் குடித்த பிறகுதான் திறந்தது.

ஆகவே நம் கேமின் விதி இது: தாள் தனியாகத் திறக்காது, ஆள் சேர்ந்தால் திறக்கும். அந்தப் பிள்ளை வீடு வீடாகக் கதவைத் தட்ட வேண்டும். ஒருத்தருக்கு நாளைக்குக் கூலி போய்விடும், ஒருத்தருக்குக் கடன், ஒருத்தருக்குப் போலீஸ் பயம். ஒவ்வொரு பயத்துக்கும் பதில் தேட வேண்டும். காலனிக்கும் அந்தாண்டை இன்னொரு தெரு இருக்கும், நாமே தள்ளிவைத்திருக்கிற தெரு. அந்தத் தெருவுக்குப் போய்க் கூப்பிடாவிட்டால் ஆள் கணக்கு நிரம்பவே நிரம்பாது. இதைச் சொன்னபோதும் நம்மாட்களுக்குச் சுருக்கென்றது. சுருக்கெனட்டும். "பொட்டப்புள்ள சுடுகாட்டுக்குப் போறதா?" என்று கேட்டவர்களும் நம்மவர்கள்தான். மனு எழுதினதை நம் வீட்டுக்குள் வைத்துக்கொண்டு ஊர்க்காரனிடம் பாதை கேட்பது எப்படி?

அய்ந்து, முடிவில் வெற்றி என்று வாணம் விடக் கூடாது. மகாத்தில் தண்ணீர் குடித்த கையோடு அடி விழுந்தது. குளத்துக்குத் 'தீட்டு' கழித்தார்கள். வழக்கு முடிய 1937 ஆனது. உத்தப்புரத்தில் 1989இல் கட்டிய சுவரின் ஒரு பகுதி 2008 மே 6 அன்று இடிக்கப்பட்டபோது, ஆதிக்கசாதிக்காரர்கள் கோபித்துக்கொண்டு ஊரைவிட்டு மலையடிவாரத்துக்குப் போய் உட்கார்ந்தார்கள். கேம் மறுநாள் காலையில் முடியட்டும். அதே தெரு, பள்ளிக்கூடப் பை, அதே டீக்கடை.

இதற்குப் பெரிய கம்பெனி வேண்டியதில்லை. 2009 முதல் கிடைக்கிற 'ட்வைன்' இலவசம், தமிழிலேயே எழுதலாம். அதற்கும் முன்னால் ஒரு தாளும் பென்சிலும் போதும்.

மதிப்பெண் போனால் வேலை போகும் என்பது எனக்குத் தெரியாததல்ல. தியாகம் செய் என்று அந்தப் பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு உரிமையில்லை. நான் சொன்னது வேறு. சாதி என்ற சொல்லை எடுக்கச் சொன்னால் எடுத்துவிடு. ஊரில் மட்டும் அந்தச் சொல்லை உரக்கச் சொல்லிக்கொண்டா வழி மறிக்கிறார்கள்? விதியை மட்டும் ஒரு எழுத்தும் மாற்றாதே. விளையாடுகிறவனுக்கு அது என்னவென்று தானாகத் தெரிந்துவிடும்.

வாசகத் தோழர்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் காலனியிலிருந்து சுடுகாடு வரை ஒரு தாளில் படம் போடுங்கள். எந்த இடத்தில் மறிக்கிறார்கள், எத்தனை தூரம் சுற்றுகிறீர்கள், மழைக்காலத்தில் தண்ணி எதுவரை ஏறும், எல்லாவற்றையும் குறியுங்கள். இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். ஒரு கல்லூரி மறுத்த கருவுக்கு நூறு ஊரின் வரைபடம் சேரட்டும்.